வாப்பா கட்டிவைத்த மூன்று மூட்டை: அல்லாஹ்வின் பெயர் உள்ள தாள்களை என்ன செய்வது?

நெய்தல்கரை:

அஸ்ஸலாமு அலைக்கும். விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படித்துப் பதில் சொல்லுங்கள்.

வாப்பா மவுத்தாகி இரண்டு மாதம் ஆகிறது. வீட்டை ஒழுங்கு பண்ணும்போது பரணில் மூன்று அரிசிச் சாக்கு இருந்தது. வாயைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி, மேலே சாக்பீஸால் 'மிதிக்காதே' என்று எழுதியிருந்தார்கள். உள்ளே முப்பது வருஷத்துக் கல்யாணப் பத்திரிகைகள், காலண்டர் தாள்கள், நாங்கள் மதரஸாவில் ஓதிய காலத்து அலிஃப் பா ஏடுகள், அட்டை போன யாஸீன் கிதாபு. அடியில் ஒரு பிஸ்கட் டின். அதைத் திறந்தால் நகத்தளவு காகிதத் துண்டுகள், நூற்றுக்கணக்கில். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சொல்தான். அல்லாஹ். ரஹ்மான். பிஸ்மில்லா. கரீம்.

வாப்பா பெட்டிக்கடை வைத்திருந்தார்கள். பொட்டலம் மடிக்கப் பழைய பேப்பரை எடைக்கு வாங்குவார்கள். மடிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தாளையும் வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். வாப்பா பேப்பர் படிக்கிறார்கள் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தோம். பெயர் தேடியிருக்கிறார்கள் என்று இப்போதுதான் தெரிகிறது. பட்டாணிப் பொட்டலத்தோடு அந்தப் பெயர் சாக்கடைக்குப் போய்விடக் கூடாது என்று கத்தரித்து எடுத்திருக்கிறார்கள்.

இந்தத் தாள்களை என்ன செய்வது? புதைப்பதா, எரிப்பதா, கடலில் விடுவதா? தம்பி எரிக்கலாம் என்கிறான். உம்மாவுக்கு அந்த வார்த்தையே பிடிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த டின்னைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, இதில் பாதிப் பெயருக்கு எனக்கு அர்த்தம் தெரியாது என்று உறைத்தது.

கைவிளக்கு:

வஅலைக்குமுஸ் ஸலாம். உங்கள் வாப்பாவின் கபுரை அல்லாஹ் விசாலமாக்குவானாக.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹனஃபி மத்ஹபில், அதாவது அந்தச் சட்ட வழியில், புதைப்பதையே சிறந்தது என்கிறார்கள். சுத்தமான துணியில் சுற்றி, கால் படாத இடத்தில் குழி தோண்டி வைக்க வேண்டும். ஓடும் தண்ணீரில் விடுவதும் கூடும். நீங்கள் கடற்கரை ஊர் என்றால் பெரும்பாலும் ஷாஃபிஈ. அந்த மத்ஹபில், மிதிபடாமல் காப்பதற்காக எரிப்பதும் கூடும். எரிப்பது என்றதும் மனம் திடுக்கிடுவது இயல்புதான். ஆனால் கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்கள் குர்ஆனை ஒரே எழுத்து முறையில் பிரதி எடுத்து நாடுகளுக்கு அனுப்பியபோது, மற்ற ஏடுகளை எரிக்கச் சொன்னார்கள் என்று புகாரி என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் இருக்கிறது. அது அவமதிப்பாக இருந்திருந்தால் நபித்தோழர்களான ஸஹாபாக்கள் பார்த்துக்கொண்டு நின்றிருக்க மாட்டார்கள்.

உம்மாவுக்கு மனக்கஷ்டம் என்றால் புதைத்துவிடுங்கள். அவர்கள் மனமும் ஆறும். எரித்தாலும் சாம்பலைக் குப்பையில் கொட்டாதீர்கள்.

அச்சுமை:

நான் முஸ்லிம் அல்ல. சிவகாசியில் அச்சகத்தில் வேலை. இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

தினசரி காலண்டர் அடிக்கிற காலத்தில் இஸ்லாமிய காலண்டரும் வரும். ஒவ்வொரு தாளிலும் ஒரு வசனமோ நபிமொழியோ இருக்கும். நாலு கலர் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காரும் வரை முதலில் ஓடுகிற தாள்கள் எல்லாம் கழிவுதான். எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் மாதிரி இன்னொரு எழுத்து விழுந்திருக்கும். அந்தத் தாளில்தான் மெஷினைத் துடைப்போம், டீ கிளாஸை வைப்போம், சாப்பாட்டுக்கு விரித்து உட்காருவோம். சாமி படம் வந்த தாளை மட்டும் தனியாக எடுத்து வைக்கிற பழக்கம் எங்களிடம் உண்டு. அரபி எழுத்து எங்களுக்குப் படிக்கத் தெரியாது. எது பெயர், எது பூ வேலைப்பாடு என்று பிரித்துப் பார்க்கவும் தெரியாது.

ஒருநாள் ஆர்டர் கொடுத்த பாய் வந்து, கீழே கிடந்த தாளைக் குனிந்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அன்றிலிருந்து அந்தக் கழிவைத் தனிக் கட்டாகக் கட்டிக் கூழ் ஆலைக்கு அனுப்புகிறோம். கூழாக்கினால் எழுத்து போய்விடும். அது உங்கள் முறைப்படி சரிதானா?

கைவிளக்கு:

சரிதான் ஐயா. எழுத்தைத் தண்ணீரில் கழுவி அழிப்பதைப் பழைய சட்ட நூல்களே ஒரு வழியாகச் சொல்கின்றன. மதரஸாவில் மரப்பலகையில் மையால் எழுதி ஓதிய காலத்தில், பாடம் முடிந்ததும் பலகையைக் கழுவித்தான் அடுத்த பாடம் எழுதுவார்கள். எழுத்து மறையும் வரை மற்றக் குப்பையோடு கலக்காமல் இருந்தால் போதும். நீங்கள் செய்வதைப் படித்துவிட்டு உங்களுக்காக துஆ கேட்டேன்.

பொரிச்சமீன்:

இதற்குத்தானே பெரியவர்கள் பத்திரிகையில் பிஸ்மில்லாவுக்குப் பதில் 786 என்று போட்டார்கள்! பத்திரிகை குப்பைக்குப் போனாலும் பெயர் போகாது. அந்தப் பேணுதலை இப்போது எல்லாரும் பித்அத், மார்க்கத்தில் இல்லாத புதுப் பழக்கம் என்று பேசுகிறார்கள்.

ஏழாம்படி:

786 எப்படி வருகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். அரபி எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் மதிப்பு உண்டு. பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம் (அருளாளன், அன்புடையோன் அல்லாஹ்வின் பெயரால்) என்ற தொடரில் முதல் சொல் பிஸ்மி. அதில் பா 2, ஸீன் 60, மீம் 40, ஆக 102. அல்லாஹ் 66. அர்ரஹ்மான் 329. அர்ரஹீம் 289. நான்கையும் கூட்டினால் 786. கணக்கு சரி.

ஆனால் கூட்டுத்தொகை பெயராகிவிடுமா? 786 வருகிற சொற்றொடரை யார் வேண்டுமானாலும் கோத்துவிடலாம். ரூபாய் நோட்டில் 786 வந்தால் பத்திரப்படுத்துகிறார்கள். அதே ஆள் பக்கத்தில் பிஸ்மில்லா எழுதிய பார்சல் கவரைக் கசக்கிப் போடுவதைப் பார்த்திருக்கிறேன்.

நபி (ஸல்) அவர்கள் ரோமச் சக்கரவர்த்தி ஹிரக்லுக்கு எழுதிய கடிதம் பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம் என்றுதான் தொடங்குகிறது. ஸுலைமான் நபி ஸபா நாட்டு அரசிக்கு எழுதிய கடிதமும் அப்படித்தான் (குர்ஆன் 27:30). அவள் அப்போது சூரியனை வணங்கியவள். எங்கே போய்ச் சேருமோ, யார் கையில் படுமோ என்று அஞ்சி அவர்கள் பெயரை மறைக்கவில்லை.

பொரிச்சமீன்:

எதிரி நாட்டுக்கு குர்ஆனை எடுத்துப் போகாதீர்கள் என்ற ஹதீஸும் அதே புகாரியில்தான் இருக்கிறது. அவர்கள் கையில் சிக்கிவிடக் கூடாது என்ற அச்சம்தான் காரணம். அந்த அச்சத்தைத்தான் எங்கள் பாட்டன்மார் எண்ணாக எழுதினார்கள். எண்ணை யாரும் வணங்கவில்லை.

ஏழாம்படி:

நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பேணுதலை நான் குறை சொல்லவில்லை. பெயரைக் காப்பதற்காக வந்த எண், பெயரையே மறக்கடித்துவிட்டது என்பதுதான் என் ஆதங்கம். என் பக்கத்து வீட்டுப் பையன் பைக்கில் 786 ஒட்டியிருக்கிறான். 'ரஹ்மான், ரஹீம் என்ன வித்தியாசம்?' என்று கேட்டேன். தெரியவில்லை.

கண்டிவீதி:

இலங்கையிலிருந்து எழுதுறேன். நாங்க எழுத்து விஷயத்தில் இன்னொரு கரைச்சலையும் பார்க்கிறோம். படைப்பவன் என்ற பெயரைச் சிலர் 'காலிக்' என்று எழுதுறாங்க, சிலர் 'ஹாலிக்' என்று எழுதுறாங்க. அரபியில் அது தொண்டையில் உரசி வருகிற எழுத்து. தமிழில் அதற்கு நேரான எழுத்து இல்லை. வாசிக்கிற பிள்ளை 'ஹாலிக்' என்று மெல்லிய ஹாவில் சொன்னால் பொருளே கவிழ்ந்துபோகும். ஹாலிக் என்றால் அழிந்துபோகிறவன். 'அவன் முகத்தைத் தவிர எல்லாப் பொருளும் அழியக்கூடியது' (28:88) என்று குர்ஆன் படைப்புக்குச் சொன்ன அதே சொல், படைத்தவனுக்குப் போய்ச் சேர்கிறது.

இதற்காகத்தான் எங்கட முன்னோர் அரபுத்தமிழ் எழுதினாங்க. தமிழை அரபி எழுத்தில் எழுதி, தமிழுக்கே உரிய ஓசைகளுக்குப் புள்ளி சேர்த்துப் புது எழுத்தும் உண்டாக்கினாங்க. அதில் அல்லாஹ்வின் பெயர் சிதையாது. எங்கட உம்மம்மாவுக்குத் தமிழ் எழுத்து ஒன்றும் தெரியாது. ஆனா அரபுத்தமிழில் மாலைப் பாட்டெல்லாம் வாசிப்பாங்க.

இப்ப அந்த எழுத்தை வாசிக்கிற ஆள் குறைவு. ஆகவே பிள்ளைக்கு வாயால் சொல்லிக் கொடுங்க. தாளைப் பார்த்து மட்டும் படிக்க விடாதீங்க.

இரண்டாம்ஷிப்ட்:

பெயர் என்றதும் என் கதையைச் சொல்கிறேன். வளைகுடாவில் பதினோரு வருஷம். என் பெயர் அப்து என்று தொடங்கி அல்லாஹ்வின் பெயரில் முடியும். பாஸ்போர்ட்டில் அதை இரண்டாக உடைத்துப் போட்டுவிட்டார்கள். முன்பாதி என் பெயராம், பின்பாதி குடும்பப் பெயராம். வேலையிடத்தில் எல்லாரும் 'அப்துல்' என்று கூப்பிடுவார்கள். அரபி தெரிந்த எகிப்துக்காரர் ஒருவர் ஒருநாள் தனியாகக் கூப்பிட்டு, 'அப்துல் என்றால் அடிமை என்பதோடு பேச்சு நிற்கிறது, யாருடைய அடிமை என்று வரவில்லை, இது பெயரே இல்லையே' என்றார்.

ஊருக்கு வந்தால் இதற்கு நேர்மாறு. முன்பாதியை விட்டுவிட்டுப் பின்பாதியை மட்டும் கூப்பிடுகிறார்கள். டேய் போட்டு. திட்டும்போதும் அதே பெயர். எனக்குப் பெயர் வைத்தபோது காதில் பாங்கு சொன்ன பாட்டனார் மட்டும் கடைசி வரை முழுசாகக் கூப்பிட்டார்.

இதில் உண்மையிலேயே குற்றம் இருக்கிறதா? அல்லது நான்தான் அதிகம் யோசிக்கிறேனா?

ஓதுபலகை:

மதரஸாவில் ஓதிக்கொடுப்பவன் என்ற முறையில் இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

எல்லாப் பெயரும் ஒரே வகை இல்லை. சில பெயர்களைக் குர்ஆனே மனிதருக்கும் சொல்லியிருக்கிறது. நபி (ஸல்) அவர்களை 'ரஊஃப், ரஹீம்' என்கிறது (9:128). யூஸுஃப் நபி தம்மை 'ஹஃபீழ், அலீம்' என்கிறார் (12:55). எகிப்தின் அதிகாரியை ஊர்ப் பெண்கள் 'அஸீஸ்' என்கிறார்கள் (12:30). மனிதனைப் பொதுவாகவே 'ஸமீஉ, பஸீர்' ஆக்கினோம் என்கிறது (76:2). அதனால் ரஹீம், அஸீஸ், கரீம், லத்தீஃப் என்று ஒருவரைக் கூப்பிடுவதில் குற்றமில்லை. மனிதனுக்கு மனிதன் அளவு, அல்லாஹ்வுக்கு அவன் அளவு.

அவனுக்கு மட்டுமே உரிய பெயர்கள் வேறு. அல்லாஹ், ரஹ்மான், காலிக், ரஸ்ஸாக், ஸமத், அஹத், குத்தூஸ். இவற்றை 'அப்து' இல்லாமல் ஒரு மனிதனுக்குச் சொல்லக் கூடாது. நம் தெருக்களில் ரஜாக் பாய், சமது பாய், குத்தூஸ் காக்கா என்று வாய் பழகிவிட்டது. சொல்பவர் யாரும் அந்த எண்ணத்தில் சொல்வதில்லை. அதனால் ஷிர்க், அல்லாஹ்வுக்கு இணைவைப்பது என்று பாய வேண்டாம். ஆனால் ரஸ்ஸாக் என்றால் எல்லா உயிருக்கும் உணவளிப்பவன். 'ரஜாக் கடையில் கடன் சொல்லி அரிசி வாங்கினேன்' என்ற வாக்கியத்தைப் பொருளோடு ஒருமுறை சொல்லிப் பாருங்கள், நாக்கு தானாகத் தயங்கும்.

ஒரு ஸஹாபியை மக்கள் அபுல் ஹகம் என்று அழைத்தார்கள். ஹகம் என்றால் தீர்ப்பளிப்பவன். நபி (ஸல்) அவர்கள், 'அல்லாஹ்தான் ஹகம், உங்களுக்கு ஏன் இந்தப் பெயர்?' என்று கேட்டார்கள். 'என் கூட்டத்தார் தகராறு என்றால் என்னிடம் வருவார்கள், நான் சொல்லும் தீர்ப்பில் இரு தரப்பும் திருப்தி அடைவார்கள்' என்றார் அவர். 'இது எவ்வளவு நல்ல காரியம்' என்று முதலில் பாராட்டிவிட்டு, பிள்ளைகள் யார் என்று விசாரித்து, மூத்தவர் ஷுரைஹ் என்றதும் 'அப்படியானால் நீங்கள் அபூ ஷுரைஹ்' என்றார்கள். அபூதாவூத், நஸாயீ ஹதீஸ் தொகுப்புகளில் இருக்கிறது. திருத்தியதையும் பாருங்கள், திருத்திய விதத்தையும் பாருங்கள். ஆளை நோகடிக்கவில்லை.

ரஹ்மான் என்ற பெயருக்கு ஒரு வரலாறே உண்டு. மக்காக் குறைஷிகளுக்கு அது பிடிக்காத பெயர். ஹிஜ்ரி 6ல் அவர்களோடு ஹுதைபிய்யா உடன்படிக்கை எழுதும்போது குறைஷித் தரப்பில் வந்த சுஹைல் இப்னு அம்ர், 'ரஹ்மான் யாரென்று எனக்குத் தெரியாது, பழையபடி பிஸ்மிக அல்லாஹும்ம (அல்லாஹ்வே, உன் பெயரால்) என்று எழுது' என்று மறித்தார். நபி (ஸல்) அவர்கள் அப்படியே எழுதச் சொன்னார்கள். சமாதானத்துக்காகத் தாளில் விட்டுக்கொடுத்தார்கள். அந்தப் பெயரை நாவிலிருந்து விடவில்லை. அல்லாஹ்வுக்கு மிகவும் விருப்பமான பெயர்கள் அப்துல்லாஹ், அப்துர் ரஹ்மான் என்று முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் வருகிறது. இரண்டிலும் முதலில் நிற்பது 'அப்து'. இரண்டாம்ஷிப்ட் தம்பி, உங்களைக் கூப்பிடுகிறவர்களிடம் சிரித்துக்கொண்டே முழுப்பெயரைச் சொல்லிக் கொடுங்கள். நீங்கள் அதிகம் யோசிக்கவில்லை.

பனங்கிழங்கு:

99 பெயரும் தெரிந்தால் சொர்க்கம் என்கிறார்களே, அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்தால் போதுமா? என் மகள் இரண்டு நிமிஷத்தில் ராகமாகச் சொல்கிறாள்.

ஓதுபலகை:

பிள்ளைக்கு அல்லாஹ் பரகத் செய்யட்டும். ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. 'நூறில் ஒன்று குறைய 99 பெயர்கள், அவற்றை இஹ்ஸா செய்தவர் சொர்க்கம் புகுவார்' என்று அபூஹுரைரா (ரலி) அறிவிக்கிறார்கள். இஹ்ஸா என்றால் எண்ணுவது. மனனமிடுவது என்றும் ஓர் அறிவிப்பு உண்டு. பொருள் அறிவதும் அதற்கேற்ப நடப்பதும் அதில் அடங்கும் என்று உலமாக்கள் விளக்கினார்கள்.

ஆனால் புகாரி, முஸ்லிம் அறிவிப்பில் பெயர்ப் பட்டியல் கிடையாது. நாம் சுவரில் மாட்டியிருப்பது திர்மிதீ என்ற ஹதீஸ் தொகுப்பில் வரும் பட்டியல். திர்மிதீ இமாமே அதைக் கரீப், அதாவது தனித்து வந்த அறிவிப்பு என்று குறிப்பிட்டார்கள். பட்டியல் அறிவிப்பாளர் சேர்த்தது என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். நாம் நாள் முழுக்கச் சொல்கிற 'ரப்பு' (இறைவன்) அந்தப் பட்டியலில் இல்லை. நோயாளிக்கு ஓதும் துஆவில் வரும் 'ஷாஃபீ' (குணமளிப்பவன்) இல்லை. 99க்கு மேல் இல்லை என்றும் பொருளில்லை. 'உன்னிடமே மறைவாக வைத்துக்கொண்ட பெயர்களைக் கொண்டும் கேட்கிறேன்' என்று ஒரு துஆவை இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவித்திருக்கிறார்கள்.

சில பெயர்களைப் பிரிக்கவும் கூடாது. அள்ளார்ரு, தீங்கு தருபவன் என்பதைத் தனியே சொல்வதில்லை. அந்நாஃபிஉ, நன்மை தருபவன் என்பதோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.

வெற்றிலைக்கொடி:

ஆண்கள் இவ்வளவு பேசியாகிவிட்டது. அடுப்படியிலிருந்து நானும் சொல்கிறேன்.

போன வருஷம் மாமி கிணற்றடியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. கட்டுக்கட்டும் வைத்தியர் மூங்கில் தப்பை வைத்து, முட்டை வெள்ளை தடவித் துணி சுற்றும்போது மாமி வலியில் 'யா ஜப்பார், யா ஜப்பார்' என்றார்கள். எனக்கு ஆச்சரியம். ஜப்பார் என்றால் அடக்கி ஆள்பவன் என்றுதான் பட்டியலில் படித்திருக்கிறேன். வலிக்கிற நேரத்தில் ஏன் பயப்படுத்துகிற பெயர்?

பிறகு மாமி சொன்னார்கள். தொழுகைக்கு முன் கை கால் கழுவுகிற ஒளூ பாடத்தில் கட்டுப் போட்ட கைக்கு மேலே தடவுவதற்கு என்ன சொல்வோம்? ஜபீரா. முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுகிற தப்பைக்கு அந்தப் பேர். அதே வேர்தான் ஜப்பார். முறிந்ததைச் சேர்த்து நேராக்குகிறவன். மாமி ஸ்கூல் வாசல் மிதித்ததில்லை. உஸ்தாது பீவியிடம் பத்து வயதில் ஓதியது அவ்வளவும் நினைவில் இருக்கிறது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். கஃபூர் என்றால் மன்னிப்பவன். அதன் வேருக்கு மூடுதல் என்று பொருள். போரில் தலையை மூடும் கவசத்துக்கு மிக்ஃபர். மக்கா வெற்றி அன்று நபி (ஸல்) அவர்கள் தலையில் மிக்ஃபரோடுதான் நுழைந்தார்கள். ஆக, என் குறையை ஊர் பார்க்காமல் மூடி, அடியும் படாமல் காக்கிறவன்.

ரஹ்மான் என்பதற்கும் கர்ப்பப்பைக்குச் சொல்லும் 'ரஹிம்' என்பதற்கும் ஒரே வேர். 'நான் ரஹ்மான், ரஹிமைப் படைத்து என் பெயரிலிருந்தே அதற்குப் பெயர் எடுத்தேன். அதைச் சேர்ப்பவரை நான் சேர்ப்பேன்' என்று அல்லாஹ் சொல்வதாக ஹதீஸ் இருக்கிறது. சொத்துத் தகராறில் ஒன்பது வருஷம் பேசாமல் இருந்த என் ராத்தாவுக்கு அன்று இரவு போன் பண்ணினேன். இரண்டு பேரும் அழுததுதான் அதிகம், பேசியது குறைவு.

பொரிச்சமீன்:

ராத்தா, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

எனக்கு பிரியாணிக் கடை இருக்கிறது. பார்சல் கவரில் மேலே பிஸ்மில்லாஹ் என்று முழுசாக அச்சடித்திருக்கிறேன். எலும்பை அதிலேயே போட்டுச் சுருட்டி எறிகிறார்கள் என்று எனக்குத் தெரியும். 786க்காக இங்கே இவ்வளவு வாதாடினேன், என் கவரைப் பார்க்கவில்லை. மிச்சம் இருப்பது நாலு கட்டு. அதை நிறுத்தியாகிவிட்டது. புதுக் கவரில் ஊர்ப் பெயரும் போன் நம்பரும் மட்டும். பிஸ்மில்லாஹ்வை தேக்சா மூடியைத் திறக்கும்போது வாயால் சொல்லிக்கொள்கிறேன். அச்சுமை அண்ணன், இந்த நாலு கட்டையும் உங்கள் கூழ் ஆலைக் கட்டோடு சேர்த்து அனுப்ப முடியுமா? லாரி ஆபீஸில் போட்டுவிடுகிறேன்.

அச்சுமை:

தாராளமாக அனுப்புங்கள் தம்பி. வந்ததும் நானே கையால் எடுத்து வைக்கிறேன்.

நெய்தல்கரை:

எல்லாருக்கும் ஜஸாக்கல்லாஹ் கைர். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை உம்மா, தம்பி, என் மகள் எல்லாரும் உட்கார்ந்து மூன்று சாக்கையும் பிரித்தோம். பெயர் இல்லாத தாளைத் தனியாக எடுத்தோம், பாதிக்கு மேல் அதுதான். மீதியை உம்மாவின் வெள்ளைத் துப்பட்டி இரண்டில் கட்டி, பள்ளி இமாமிடம் கேட்டு, மையவாடியில் ஆள் நடமாட்டம் இல்லாத சுவரோரத்தில் இடுப்பளவு குழி வெட்டி வைத்தோம். தம்பிதான் குழிக்குள் இறங்கினான்.

பிஸ்கட் டின்னை மட்டும் உம்மா தரவில்லை. இஷா தொழுத பிறகு மகள் அதிலிருந்து ஒரு துண்டு எடுப்பாள், அந்தப் பெயருக்கு உம்மா தெரிந்த பொருளைச் சொல்வார்கள். தெரியாததை நான் எழுதி வைத்து உஸ்தாதிடம் கேட்டு வருவேன். வெற்றிலைக்கொடி ராத்தா, உங்கள் ஜபீராவையும் சொன்னோம்.

நேற்று மகள் எடுத்த துண்டு கடை ரசீதுத் தாள். பச்சை மசி. எங்கள் கடை ரசீதேதான். வாப்பாவின் பெயரும் அப்துவில் தொடங்குவதுதான். தன் பெயர் அச்சடித்த ரசீதைத் தூரப் போடுவதற்கு முன்னால், 'அப்துல்' என்பதை விட்டுவிட்டு, அதற்கு அடுத்த சொல்லை மட்டும் கத்தரித்து எடுத்து வைத்திருக்கிறார்கள்.